தூரதேசத்தில் இருக்கிற அம்மா

குவைத்திலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த அன்றைக்கே என் மகள் எனக்காக ஜெபம் செய்தாள். "தூரதேசத்தில் இருக்கிற எங்கள் அம்மாவைக் கண்ணின் மணியைப்போலக் காத்தருளும்" என்று கண்ணை மூடி, கைகளைக் கூப்பி, முழங்காலில் நின்று ஜெபித்தாள். நான் அவளுக்கு வலது பக்கத்தில் முழங்காலில் நின்றுகொண்டிருந்தேன். என் சேலைத் தலைப்பு அவள் முழங்கையின் மேல் கிடந்தது.

முதலில் சிரித்தது என் கணவர். "தூரதேசம் இஞ்ச வந்தாச்சு மக்களே, கண்ணத் தொறந்து பாரு" என்றார். மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எதிரே இருந்த அவளுடைய மாமியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எல்லோரையும்விட நான்தான் அதிகமாகச் சிரித்தேன். வந்த அன்றைக்கு எதைக் கேட்டாலும் சிரிப்பு வரும் போலிருந்தது. அந்த வாக்கியத்தை அவள் ஒரே மூச்சில், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல வேகமாகச் சொன்னதுகூட எனக்கு அழகாகத்தான் பட்டது.

எங்களுடையது தெற்கே, கேரள எல்லையில், பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். திருவனந்தபுரத்துக்குக் குடிவந்து கரமனையில் வீடு கட்டி எவ்வளவோ காலமாகியும் இந்த ஒரு பழக்கத்தை விடவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் டிவியை அணைத்துவிட்டு ஹாலில் பாய் விரிப்போம். ஒரு கீர்த்தனை, வேதத்தில் ஒரு அதிகாரம், பிறகு முழங்கால் ஜெபம். வீட்டில் சின்னவர் முதலில் ஜெபிப்பார், பெரியவர் கடைசியில். முடிந்ததும் ஒருவருக்கொருவர் கைகூப்பி 'ஸ்தோத்திரம்' சொல்லிக்கொள்வோம். பிழைப்புக்காக வெளியே போன ஆள் வீட்டில் யாராவது இருந்தால், ஜெபத்தில் அவர்தான் முதலில் வருவார். நோயாளிகள், பரீட்சை, மழை, வெயில் எல்லாம் அவருக்குப் பின்னால்தான்.

அந்த முதல் இடம் எத்தனையோ வருஷம் என்னுடையதாக இருந்தது. மகளுக்குப் பால்பல் விழுவதற்கு முன்னால் நர்ஸ் வேலைக்குப் போனேன். அவள் கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஆஸ்பத்திரியில் என் கான்ட்ராக்டைப் புதுப்பிக்காமல் விட்டார்கள், வந்துவிட்டேன். இடையில் வந்ததெல்லாம் லீவு. லீவில் வரும்போது நான் விருந்தாளி. மற்ற யாரையும் ஜெபிக்க விடாமல் என் கணவரே முழுதும் ஜெபித்து முடித்துவிடுவார், "இவள் திரும்பிப் போகும் பயணத்தைக் காத்தருளும்" என்று. வந்து பெட்டியைத் திறந்திருக்க மாட்டேன், அதற்குள் போகிற பயணம்.

ஆகவே மகள் எனக்காகச் செய்கிற ஜெபத்தை நான் என் காதால் கேட்டதே இல்லை. ஆனால் அது நடக்கிறது என்று தெரியும். இங்கே அவர்கள் பாய் விரிக்கிற நேரம் அங்கே எனக்கு டியூட்டி மாறுகிற நேரம். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கை கழுவும்போது, இப்போது என் பிள்ளை எனக்காக முழங்காலில் நிற்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அழுதுகொண்டே ஜெபிப்பாள் என்று நானாகவே வைத்துக்கொண்டேன். அந்த நினைப்பை வைத்துக்கொண்டுதான் பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனை வருஷம் அந்த வார்டில் நின்றேன். வேறு எதுவும் இல்லை. மற்றவர்கள் சொல்வதுபோலச் சேவை மனப்பான்மை, மண்ணாங்கட்டி எல்லாம் எனக்குக் கிடையாது.

மாமி என்று சொன்னேனே, அவர் என் கணவரின் அக்கா. எங்கள் பக்கம் அப்பாவின் அக்காவைப் பிள்ளைகள் மாமி என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அவர் மதினி. கல்யாணம் செய்துகொள்ளாதவர். நான் விமானம் ஏறிய அதே வாரத்தில் பாறசாலைக்கு அப்பால் இருக்கிற குடும்ப வீட்டைப் பூட்டிவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு கரமனைக்கு வந்து இறங்கினார். "நீ வரது வரைக்கும் பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்" என்று போனில் சொன்னார். சொன்னபடியே பார்த்துக்கொண்டார். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஜெபத்தை மட்டும் தமிழில் வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். தூரதேசம் என்ற அந்த வாக்கியமும் அவர் போட்டுக்கொடுத்தது.

மறுநாள் மகள் ஜாக்கிரதையாக ஜெபித்தாள். அந்த இடம் வந்ததும் நின்றாள். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். பிறகு நேரே நோயாளிகளுக்குத் தாவிவிட்டாள். சில நாளில் அந்த நிறுத்தமும் இல்லாமல் போனது. வீட்டுக்குள் வந்தேன், ஜெபத்திலிருந்து வெளியே போய்விட்டேன். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். பக்கத்திலேயே இருக்கிற ஆளுக்கு எதற்குத் தனி ஜெபம்? நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் தினமும் அந்த இடம் வரும்போது காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஜெபம் முடிந்ததும் அவள் முதலில் மாமிக்கு ஸ்தோத்திரம் சொன்னாள், பிறகு அப்பாவுக்கு, பிறகு எனக்கு. வயசுப்படி பார்த்தாலும் அந்த வரிசை சரிதான். அதனால் அதைப் பற்றியும் என்னால் வாய் திறக்க முடியவில்லை.

வீட்டில் எல்லோரும் என்னை நன்றாகத்தான் வைத்துக்கொண்டார்கள். அதுதான் தொல்லை. அலமாரியிலிருந்து எனக்கு மட்டும் பூப்போட்ட தட்டு வந்தது. குளிக்கப் போனால் தலை துவட்டப் புதுத் துவர்த்து கொடியில் தொங்கியது. நான் பாத்திரத்தைத் தொட்டால் மதினி, "நீ இரி பிள்ள, நான் செய்யிதேன்" என்பார். மகளுக்கென்று பெட்டி நிறைய பாதாம் வைத்த சாக்லேட் கொண்டுவந்திருந்தேன். "தேங்க்ஸ் அம்மா" என்று வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தாள். ஒரு வாரம் கழித்தும் அப்படியே இருந்தது. "அவ இனிப்பு தின்னுகத விட்டு ரொம்ப நாளாச்சு, உனக்கு விஷமம் ஆகும்னு சொல்லாம இருக்கா" என்று மதினி மெதுவாகச் சொன்னார். விஷமம் என்றால் எங்கள் பக்கம் மனவருத்தம். எனக்கு விஷமம்தான் ஆயிற்று. பிள்ளைக்குப் பிடித்தது என்று நான் மனதில் வைத்திருந்ததெல்லாம் எப்போதோ ஒரு லீவில் பார்த்த ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பிடித்தது.

என் கணவர் கதை தனி. போனில் அத்தனை பேசின மனுஷன், நேரில் பார்த்ததும் பேச்சு வற்றிப்போய்விட்டார். வழக்கமாக என் போன் வருகிற நேரம் ஆனால் கை தானாகச் சட்டைப்பையைத் தடவும். போனை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய், என்னத்துக்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருவார். ஒருநாள் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டு, கையும் கழுவிவிட்டு வந்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அதுதான் போனில் அவருடைய முதல் கேள்வி. "நீங்க கொடுத்த மீன்துண்டு இன்னும் தொண்டையிலதான் நிக்கி" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், வார்டில் அது இல்லாமல் முடியாது. அவர் சிரித்தார். பாவம், அவருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

மகள் என்னை 'நீங்க' என்றாள். மாமியை 'நீ'. "நீ மருந்து தின்னியா?" "நீ அந்த நைட்டியத் தூக்கிப் போடு, கீறிப்போச்சு." மாமியை அதட்டுவாள், மாமியின் தட்டிலிருந்து எடுத்துத் தின்பாள், மாமியின் மடியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சிநேகிதிகளிடம் மலையாளத்தில் மணிக்கணக்காக அரட்டை அடிப்பாள். என் பக்கம் திரும்பினால் குரல் சுத்தமாகிவிடும். "அம்மா, நீங்க உட்காருங்க. அம்மா, உங்களுக்கு ஃபேன் போடட்டுமா?" ஆபீசில் மேலதிகாரியிடம் பேசுகிற குரல் அது என்று நினைக்கிறேன். மரியாதைதான், குறை சொல்ல இடமில்லை. எனக்கு மரியாதை யார் கேட்டது?

சாயங்காலம் கழக்கூட்டத்திலிருந்து பஸ் ஏறி, கிழக்கேகோட்டையில் இறங்கி, அங்கிருந்து கரமனைக்கு வேறு வண்டி பிடித்து வருவாள். கிழக்கேகோட்டையில் இறங்கியதும் ஒரு போன் வரும். "மாமி, எறங்கியாச்சு." அவ்வளவுதான் பேச்சு. உடனே மதினி எழுந்து காப்பிக்குத் தண்ணீர் வைப்பார். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது காப்பி மேசைமேல் ஆவி பறக்க இருக்கும். நான் வந்த பிறகும் அந்தப் போன் மதினிக்குத்தான் வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முகம் மலர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வயிறு எரியும். அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. என் பிள்ளையைக் கண்ணுக்குக் கண்ணாக வளர்த்துக் கொடுத்த பெண்மணியைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு மாசம் போயிருக்கும். ஒருநாள் காலையில் சமையலறையிலிருந்து சிறுபயறு வறுக்கிற மணம் வந்தது. முந்திரிக்கொத்து. வறுத்த சிறுபயற்று மாவைக் கருப்பட்டிப் பாகிலும் தேங்காயிலும் பிசைந்து உருட்டி, அரிசிமாவில் முக்கிப் பொரிக்கிற பலகாரம். வைத்திருந்து தின்னலாம் என்பதால் பயணம் போகிறவர்களுக்கு எங்கள் வீட்டில் அதைத்தான் கட்டிக்கொடுப்போம். ஒவ்வொரு லீவு முடியும்போதும் மதினி அதைச் செய்து, நீலமூடி போட்ட ஒரு டப்பாவில் அடுக்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி என் பெட்டியில் வைப்பார். ஜெபத்தில் மகளுக்கு வாய் பழகியதுபோல இவருக்குக் கை பழகிவிட்டது என்று நினைத்தேன்.

"மதினி, நான் எங்கயும் போகல்ல, கேட்டியளா? இது யாருக்கு?" என்று கேலியாகக் கேட்டேன்.

"தெரியும் பிள்ள" என்றார், வாணலியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இது எனக்காக்கும்."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. நீலமூடி டப்பா கழுவித் துடைத்து மேடைமேல் கவிழ்த்து வைத்திருந்தது.

"என்னத்துக்குப் போறீய? ஆரு என்ன சொன்னா?"

"ஆரும் ஒண்ணும் சொல்லல்ல. நீ வரது வரைக்கும்னுதானே நான் வந்தேன். நீ வந்தாச்சு."

இருங்கள் என்று சொன்னேன். ஒரு தடவை அல்ல, அன்று முழுதும் சொன்னேன். வாய்தான் சொன்னது. உள்ளே, நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இனி அடுப்பு என்னுடையது, சாயங்காலத்துப் போன் என்னுடையது, பிள்ளை என்னுடையது என்று ஒரு சந்தோஷம். என் முகத்துக்கு எதையும் ஒளிக்கத் தெரியாது, மதினி பார்த்திருப்பார். மறுநாள் காலையில் என் கணவர், யார் பக்கம் பேசினாலும் தப்பாகிவிடும் என்று பயந்து, ஆட்டோ பிடிக்க அவசரமாகப் போய்விட்டார். மகள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு மாமியோடு பாறசாலை வரைக்கும் போனாள். அந்தத் தகரப் பெட்டியை வேறு யாரையும் தூக்க விடவில்லை.

இருட்டுவதற்கு முன்னால் திரும்பி வந்தாள். முகம் வீங்கியிருந்தது. "மாமிய நல்லபடியா விட்டியா மக்களே?" என்று கேட்டேன். "விட்டாச்சு அம்மா. நீங்க காப்பி குடிச்சீங்களா?" என்றாள். ஒரு சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் சாயங்காலம் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இனி என்னைத்தானே கூப்பிட வேண்டும், வேறு யார் இருக்கிறார்கள்? வெளியே தூறல் போட்டது. போன் அடித்தது. எடுத்தேன். மதினி.

"பிள்ள கிழக்கேகோட்டையில எறங்கியாச்சு, கேட்டியா? குடை எடுக்கல்லியாம். கரமனை வண்டி கிட்டினா உடனே வந்திருவா. நீ காப்பிக்கு வெள்ளம் வை."

பாறசாலை எங்கே, கிழக்கேகோட்டை எங்கே, கரமனை எங்கே! நடந்தே வந்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கிற அம்மாவுக்கு, சேதி கேரள எல்லைவரை போய்த் திரும்பி வந்தது. சிரிப்புத்தான் வரவேண்டும். எனக்கு வரவில்லை. பிறகு எழுந்து போய்த் தண்ணீர் வைத்தேன்.

நனைந்துகொண்டு வந்தவளுக்குத் துவர்த்தை நீட்டிக்கொண்டே கேட்டுவிட்டேன். "எறங்கினதும் எனக்கு ஒரு போன் பண்ணப்பிடாதா மக்களே?"

தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "இல்ல அம்மா, நீங்க டியூட்டியில இருப்பீங்கன்னு..." என்று தொடங்கிவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன்.

சின்னதிலிருந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அது. பள்ளிக்கூடத்தில் விழுந்தால், பரிசு வாங்கினால், பயந்தால், உடனே அம்மாவைக் கூப்பிடக்கூடாது. அம்மா டியூட்டியில் இருப்பாள், அம்மாவாகக் கூப்பிடும்போது பேசலாம். பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்டு வளர்ந்திருக்கிறாள். நான் டியூட்டி முடிந்து வந்தது எங்கள் யாருக்கும் இன்னும் பழக்கமாகவில்லை, எனக்கே ஆகவில்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து குளித்து, தலையை இறுக்கி முடிந்துகொண்டு, போக இடமில்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறவள்தானே நான்.

முந்தின ராத்திரி மகள் தலைவலி என்று படுத்துவிட்டதில் ஜெபம் நடக்கவில்லை. அன்று ஜெபத்துக்குப் பாய் விரித்தோம். மூன்று பேருக்கு அந்தப் பாய் அகலமாக இருந்தது. மதினி வழக்கமாக முழங்கால் போடுகிற இடம் அலமாரிக்குப் பக்கத்தில். யாரும் அங்கே போய் உட்காரவில்லை. கீர்த்தனை முடிந்தது, அதிகாரம் முடிந்தது. மகள் தொடங்கினாள். ஸ்தோத்திரங்கள் எல்லாம் வரிசையாக, மதினி சொல்லிக்கொடுத்த அதே தமிழில், அதே வேகத்தில் போயின. பிறகு, "தூரதேசத்தில் இருக்கிற" என்றாள்.

மறுபடியும் வாய் தவறிவிட்டதா? பொய் சொல்வானேன், ஆசையாக இருந்தது. தப்பாகவாவது என்னைச் சொல்லட்டும் என்று இருந்தது.

"எங்கள் மாமியை" என்றாள். அங்கே நின்றது. மனப்பாடம் செய்த வார்த்தை அதற்குமேல் அவளுக்கு வரவில்லை. அழுகை வந்தது. அழுகைக்கு நடுவில் தன் சொந்த பாஷையில், பாதி தமிழும் பாதி மலையாளமுமாக, பக்கத்தில் நிற்கிற ஆளிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"கர்த்தாவே, மாமி அங்க ஒற்றைக்காக்கும் இருக்கா. அவளுக்கு முட்டு வேதனையாக்கும், படியில பைய எறங்க மாட்டா. ராத்திரி கரண்டு போனா பேடிப்பா, ஆரிட்டயும் பறைய மாட்டா. தின்னாளான்னு கேக்க ஆளில்ல கர்த்தாவே. நீ பாத்துக்கோ. நீ பாத்துக்கோ."

பாறசாலை ஒரு பஸ் ஏறினால் போய்விடுகிற இடம். அதற்குப் பெயர் தூரதேசமா என்று கேட்கிற வாய்தான் என்னுடையது. கேட்கவில்லை. பாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுதுகொண்டே செய்கிற ஜெபம் எப்படி இருக்கும் என்று இப்போது கேட்டுவிட்டேன். கை கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்று, அத்தனை வருஷம் என் காதில் நானாகவே கேட்டுக்கொண்டிருந்த ஜெபம் இதுதான். எனக்கு வந்ததோ வாய்ப்பாடு. பிள்ளைமேல் குற்றமில்லை. போனில் வாரத்துக்கு இரண்டு தடவை பேசுகிற ஒருத்திக்கு முட்டு வலிக்குமா, இருட்டென்றால் பயமா என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? தெரிந்ததைத்தானே அழுது கேட்க முடியும். எனக்கும் முட்டு வலிக்கிறது. அவளிடம் நான் சொன்னதில்லை.

அடுத்தது நான். மதினி இருந்தவரைக்கும் என் முறை வரும்போது, "நீங்களே ஜெபியுங்க மதினி" என்று தள்ளிவிட்டு விடுவேன். அன்று தள்ளிவிட ஆளில்லை. கடைசி ஜெபம் என் கணவருடையது, ஆனால் அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். கையால் என்னைத் தொட்டு, நீயே முடி என்று காட்டினார்.

மகளின் மூக்குறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. என் சந்தோஷத்தை நினைத்துக்கொண்டேன், அடுப்பும் போனும் பிள்ளையும் இனி எனக்குத்தான் என்ற சந்தோஷத்தை. அதை விட்டால் இந்த வீட்டில் எனக்கென்று என்ன மிஞ்சும் என்று தெரியவில்லை. பூப்போட்ட தட்டுதான் மிஞ்சும்.

"கர்த்தாவே, எங்க மதினியத் திரும்ப இந்த வீட்டுக்குக் கொண்டு வாரும்" என்றேன். "சீக்கிரம் கொண்டு வாரும்."

முழு மனதோடு கேட்டேனா என்று கர்த்தருக்குத்தான் தெரியும். ஆனால் நான் முடிப்பதற்குள் பக்கத்திலிருந்து "ஆமென்" என்று சத்தமாக வந்தது. ஒரு கை தடவிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. கண்ணைத் திறக்காமலே பிடித்துக்கொண்டிருந்தாள். நான் வீடு வந்து சேர்ந்த பிறகு, என் பிள்ளை என்னிடம் மனதாரச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.